பெருநகரில் காரை எங்கே நிறுத்துவது? வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெருநகரம் ஒன்றுக்கு முதன்முறையாகக் காரில் போகிறவர்கள் வழியைப் பற்றி நிறைய விசாரிப்பார்கள். வண்டியை எங்கே விடுவது என்பதை மட்டும் போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். இந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே என் கட்சி. வண்டி நிற்கப்போகும் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு அந்த இடத்துக்கு வழி பாருங்கள். கீழேயுள்ள பதில்கள் அந்த எண்ணத்தில் எழுதப்பட்டவை. சட்டம் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், ஒரு விதியைக் குறிப்பாகச் சொல்லும்போது அது எந்த ஊரின் விதி என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.

நகரின் மையப்பகுதிக்குள் காரைக் கொண்டுபோகத்தான் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. பல நகரங்கள் தங்கள் எல்லையிலேயே பெரிய நிறுத்துமிடங்களை அமைத்து, அங்கிருந்து பஸ்ஸோ ரயிலோ விடுகின்றன. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு 1973-லேயே இப்படி ஒரு நிரந்தர நிறுத்துமிடத்தைத் திறந்துவிட்டது. பழைய குறுகிய தெருக்களை இடித்து அகலப்படுத்தாமலே கார்க் கூட்டத்தைக் குறைக்க அவர்கள் கண்ட வழி அது. இன்று ஐரோப்பா முழுவதும் இந்த ஏற்பாடு இருக்கிறது.

போவதற்கு முன் மூன்று விஷயங்களை விசாரித்துக்கொள்ளுங்கள். திரும்பி வரக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு? இரவில் வாயிற்கதவைப் பூட்டிவிடுவார்களா? ஓர் இரவுக்கு மேல் வண்டியை விட அனுமதி உண்டா? இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் போய், விமானப் பயணம் முடித்து வந்து அபராதச் சீட்டைக் கையில் எடுத்தவர்கள் பலர். அன்றாடம் வந்து போகிறவர்களுக்கென்று கட்டிய இடங்களில், நாள்கணக்கில் வண்டியை விட்டுப்போக இடமளிப்பது அபூர்வம்.

நடக்க முடியாத பெரியவர்களை அழைத்துவரும்போதும், சுமை அதிகமாக இருக்கும்போதும் காரை உள்ளே கொண்டுபோவதுதான் சரி. அப்போதும் அவர்களை வாசலில் இறக்கிவிட்டு வண்டியை வெளியே கொண்டுபோய் நிறுத்த முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

தெருவோரத்தில் நிறுத்த ஏன் காசு கேட்கிறார்கள்? தெரு பொதுச்சொத்து அல்லவா?

பொதுச்சொத்து என்பதனால்தான் கேட்கிறார்கள். உலகின் முதல் பார்க்கிங் மீட்டர் 1935 ஜூலை 16 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் கார்ல் மகீ என்ற பத்திரிகையாளர். அந்த ஊர்க் கடைவீதியில் வேலை பார்ப்பவர்கள் காலையில் வந்து நிறுத்திய காரை மாலையில்தான் எடுத்தார்கள். பொருள் வாங்க வந்தவர்களுக்கு இடமே கிடைக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு 5 சென்ட் என்று வைத்தபோது, நாள் முழுதும் நிற்கிறவர்கள் வேறிடம் தேடிப் போனார்கள். கடைவாசல் கடைக்கு வருகிறவர்களுக்குக் கிடைத்தது.

இலவசமாகவோ மிக மலிவாகவோ விட்டால் என்ன ஆகும் என்பதை லாஸ் ஏஞ்சலிஸில் நகரத் திட்டமிடல் கற்பித்த பேராசிரியர் டொனால்ட் ஷூப் அளந்து காட்டினார். அவருடைய பல்கலைக்கழகத்தை ஒட்டி வெஸ்ட்வுட் வில்லேஜ் என்ற சிறிய வணிகப் பகுதி இருக்கிறது. மொத்தம் 15 தெருக்கட்டங்கள்தான். அங்கே தெருவோர இடம் தேடி ஒவ்வொரு காரும் சராசரியாக 3 நிமிடத்துக்குச் சற்றே அதிகமாகச் சுற்றியது. அது பெரிதாகத் தோன்றாது. ஆனால் ஓராண்டுக்குக் கூட்டிப் பார்த்தால் அந்தச் சுற்றல் மட்டுமே சுமார் 9,50,000 மைல், அதாவது 15 லட்சம் கிலோமீட்டர். பூமியை 38 முறை சுற்றி வந்துவிடலாம். அந்தப் புகை முழுவதையும் சுவாசித்தது அதே தெருவில் நடந்தவர்கள்.

ஷூப் சொன்ன தீர்வு எளிமையானது. தெருவோர இடங்களில் ஏறக்குறைய 85 சதவீதம் நிரம்பி, தெருவுக்கு ஓரிரு இடமாவது காலியாக இருக்கும்படி கட்டணத்தை ஏற்றி இறக்க வேண்டும். சான்பிரான்சிஸ்கோ 2011 முதல் இதைச் செய்து பார்த்தது: நிரம்பி வழியும் தெருவில் கட்டணம் ஏறியது, காலியாகக் கிடக்கும் தெருவில் இறங்கியது. இப்படிப்பட்ட நகரங்களில் உங்களுக்கு ஒரு லாபம் உண்டு. முக்கிய வீதியை விட்டு இரண்டு தெரு தள்ளி நிறுத்தினால், ஐந்து நிமிட நடைக்குக் கணிசமான காசு மிச்சமாகும்.

ஒரே கம்பத்தில் மூன்று பலகைகள் தொங்குகின்றன. எதை நம்புவது?

மூன்றையும்தான். அதிகமானோர் தவறுவது இங்கேதான் என்பதால் ஒன்றை எடுத்து நிதானமாகப் பார்ப்போம். கம்பத்தில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்:

மேல் பலகை: திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 4 முதல் 6 வரை நிற்கக் கூடாது, வண்டி இழுத்துச் செல்லப்படும்.
நடுப் பலகை: செவ்வாய் காலை 8 முதல் 9.30 வரை தெரு சுத்தம் செய்யும் நேரம், நிறுத்தக் கூடாது.
கீழ்ப் பலகை: திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் மாலை 7 வரை கட்டணம்; அதிகபட்சம் 2 மணி நேரம்.

நீங்கள் திங்கள்கிழமை மதியம் 3 மணிக்கு வருகிறீர்கள். கீழ்ப் பலகை 2 மணி நேரம் என்கிறது, இயந்திரமும் 2 மணி நேரத்துக்குக் காசு வாங்கிக்கொள்ளக்கூடும். ஆனால் 4 மணி அடித்ததும் அந்த இடம் வண்டிகள் ஓடும் பாதையாகிவிடுகிறது. கையில் ரசீது இருந்தாலும் இழுவை வண்டி நிற்காது.

அதே திங்கள் மாலை 6.15-க்கு வந்தால் கதை வேறு. 7 மணி வரை முக்கால் மணி நேரத்துக்குக் கட்டினால் போதும். இரவு முழுதும் இலவசம். காலையில் 9 மணிக்குத்தானே கட்டணம் தொடங்குகிறது என்று தூங்கிவிடக் கூடாது. மறுநாள் செவ்வாய். 8 மணிக்குள் வண்டியை எடுத்தாக வேண்டும்.

ஆக, படிக்கும் முறை இதுதான்: முதலில் தடைகளை எல்லாம் படித்து, உங்கள் நேரத்திலிருந்து கழித்துவிடுங்கள். மிஞ்சிய நேரத்துக்குத்தான் அனுமதிப் பலகை செல்லும். அம்புக்குறியையும் பாருங்கள். கம்பத்தின் இடப்பக்கம் ஒரு விதியும் வலப்பக்கம் இன்னொரு விதியும் இருப்பது சாதாரணம். தெருவின் அந்தக் கோடி வரை நடந்து அடுத்த கம்பத்தையும் பார்த்துவிட்டு வருவது என் வழக்கம். மரக்கிளை மறைத்த பலகையும் சட்டப்படி பலகைதான் என்று பல ஊர் அதிகாரிகள் சாதிப்பார்கள்.

"நிறுத்தக் கூடாது", "நிற்கக் கூடாது" என்பவற்றுக்கு என்ன வித்தியாசம்?

நிறுத்தக் கூடாது என்றால், ஆளை ஏற்றி இறக்கும் அளவுக்கு நிற்கலாம், வண்டியை விட்டுவிட்டுப் போகக் கூடாது. நிற்கக் கூடாது என்றால் அதுவும் கிடையாது. 1968-இல் வியன்னாவில் உருவான சாலைக்குறி உடன்படிக்கையைப் பின்பற்றும் நாடுகளில் இதற்குச் சொல் தேவையில்லை: சிவப்பு விளிம்பிட்ட நீல வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு இருந்தால் முதலாவது, இரண்டு கோடுகள் பெருக்கல் குறிபோல் வெட்டிக்கொண்டால் இரண்டாவது.

தரையில் உள்ள வண்ணக் கோடுகள் எல்லா நாட்டிலும் ஒரே பொருள் தருமா?

இல்லவே இல்லை. இங்கிலாந்தில் இரட்டை மஞ்சள் கோடு என்றால் எந்நேரமும் வண்டியை விடக் கூடாது. ஒற்றை மஞ்சளுக்கு அருகிலுள்ள பலகையில் நேரம் எழுதியிருக்கும். லண்டனின் இரட்டைச் சிவப்புக் கோட்டில் நிற்கவே கூடாது. இத்தாலியில் வெள்ளைக் கோடு பொதுவாக இலவசம், நீலம் கட்டணம், மஞ்சள் குறிப்பிட்டவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. கலிபோர்னியாவில் நடைபாதை விளிம்பில் நீலம் பூசியிருந்தால் அது மாற்றுத்திறனாளிகளுக்கான இடம். இத்தாலிய நீலத்தை நினைத்துக்கொண்டு அங்கே போய்க் காசு கட்டும் இயந்திரத்தைத் தேடினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பலகையும் இல்லை, கோடும் இல்லை. தாராளமாக நிறுத்தலாமா?

எழுதி வைக்காத விதிகளும் உண்டு. தீயணைப்புக் குழாய் அருகில், பஸ் நிறுத்தத்தில், பிறர் வீட்டு வாகன வாசலில், நடைபாதையின் மேல், தெரு முனையில் என்று இந்த ஐந்து இடங்களும் ஏறக்குறைய உலகம் முழுவதும் தடைக்குரியவை. நியூயார்க்கில் தீயணைப்புக் குழாயிலிருந்து இரு பக்கமும் 15 அடி விட வேண்டும். அங்கே தரையில் எந்தக் கோடும் போட்டிருக்காது.

தெரு முனையைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். முனையை ஒட்டி ஒரு கார் நின்றால், சாலையைக் கடக்க வரும் குழந்தைக்கு அந்தக் கார் ஒரு சுவர். குழந்தையின் தலை பானெட்டுக்கு மேலே தெரியாது. வருகிற ஓட்டுநரைக் குழந்தையும் பார்ப்பதில்லை, குழந்தையை ஓட்டுநரும் பார்ப்பதில்லை. குழந்தை பாதி சாலைக்கு வந்த பிறகுதான் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். கலிபோர்னியா இப்போது, பாதசாரிகள் கடக்கும் இடத்துக்கு 20 அடிக்குள், வண்டிகள் வந்து சேரும் பக்கத்தில், நிறுத்தவே கூடாது என்று சட்டமாக்கியிருக்கிறது. 2025 முதல் அபராதமும் விதிக்கிறார்கள். அந்தச் சட்டம் இல்லாத ஊரிலும் ஒரு கார் நீளமாவது இடம் விட்டு நிறுத்துங்கள்.

அபாய விளக்கை எரியவிட்டு இரண்டே நிமிடம் நிறுத்தினால்?

அந்த விளக்கு எந்த உரிமையையும் தராது.

காருக்குள் வைக்கும் நீல நிற நேர அட்டை என்பது என்ன?

ஜெர்மனி போன்ற நாடுகளில் சில இடங்களில் கட்டணம் இல்லை, நேர வரம்பு மட்டும் உண்டு. நீங்கள் வந்த நேரத்தைக் காட்ட, கடிகார முகம் போன்ற ஓர் அட்டையைக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்க வேண்டும். ஜெர்மனியில் முள்ளை வந்த நேரத்தில் வைப்பதில்லை; அதற்கடுத்த அரை மணியில் வைக்க வேண்டும். 10.10-க்கு வந்தால் 10.30, 10.40-க்கு வந்தால் 11. பார்வையாளர்கள் இதை ஏமாற்று வேலை என்று நினைத்துத் தயங்குகிறார்கள். சட்டமே அப்படித்தான் சொல்கிறது. வாடகைக் காரை எடுக்கும்போது முன்னிருக்கைக்கு எதிரே உள்ள சிறிய பெட்டியில் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

கட்டண நிறுத்துமிடங்களில் குறைவாகத் தெரியும் விலை கடைசியில் ஏன் ஏறிவிடுகிறது?

வாசலில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் முதல் அரை மணிக்கான விலை. பார்க்க வேண்டியவை கீழே சிறிய எழுத்தில் இருக்கும்: கணக்கு நிமிடத்துக்கா, அரை மணிக்கா, முழு மணிக்கா? முழு மணிக் கணக்கு என்றால், 61 நிமிடத்துக்கு இரண்டு மணி நேரக் காசு. ஒரு நாளைக்கு உச்சவரம்பு உண்டா? அந்த நாள் என்பது வந்ததிலிருந்து 24 மணி நேரமா, அல்லது நள்ளிரவில் முடிகிறதா? நள்ளிரவில் முடிகிறது என்றால், இரவு 8 மணிக்கு வந்தவர் காலை 8 மணிக்குள் இரண்டு நாள் கணக்கில் விழுந்துவிடுவார். டோக்கனைத் தொலைத்தால் முழுநாள் கட்டணம் என்பது பல இடங்களில் உள்ள விதி.

காலையில் குறிப்பிட்ட நேரத்துக்குள் நுழைந்தால் சலுகை, மாலைக்குப் பிறகு ஒரே கட்டணம், கடையில் பொருள் வாங்கினால் ரசீதில் முத்திரை போன்ற வழிகளும் உண்டு. அவற்றை வாசல் பலகையிலோ காவலாளியிடமோ கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். விடுதியில் தங்குவதென்றால், அறை வாடகையில் பார்க்கிங் சேர்த்தியா என்று பதிவு செய்யும் முன்பே கேளுங்கள். நகர மையத்து விடுதிகளில் பெரும்பாலும் தனிக் காசுதான்.

கைபேசிச் செயலியில் கட்டுவது நல்லதா? கியூ.ஆர். என்ற சதுரக் குறியீட்டை ஸ்கேன் செய்யலாமா?

செயலி நல்லது. சிங்கப்பூர் 2017-இல் அரசுச் செயலியைக் கொண்டுவந்தபோது, நேரத்தை முன்கூட்டியே ஊகித்துக் காகிதக் கூப்பனில் குறிக்கும் தொல்லை போய், நின்ற நிமிடத்துக்கு மட்டும் கட்டும் வசதி வந்தது. நேரத்தை எங்கிருந்தும் நீட்டிக்கவும் முடிகிறது. ஆனால் அதிகபட்ச வரம்பு 2 மணி என்றால் செயலியில் நீட்டித்தாலும் அது மாறாது.

ஸ்கேன் செய்யும் குறியீட்டில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். 2022 ஜனவரியில் டெக்சஸின் ஆஸ்டின் நகரக் காவல்துறை, பார்க்கிங் இயந்திரங்களின் மேல் யாரோ போலிக் குறியீட்டு ஒட்டிகளை ஒட்டியிருப்பதாக மக்களை எச்சரித்தது. ஸ்கேன் செய்தவர் போய் விழும் போலி இணையதளம் அட்டை எண்ணைக் கேட்கும். குறியீடு பலகையோடு அச்சிட்டதா, மேலே ஒட்டியதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒட்டியது என்றால் தொட வேண்டாம். செயலியை நீங்களே பதிவிறக்கி இட எண்ணைத் தட்டச்சு செய்யுங்கள். வண்டி எண்ணில் ஓர் எழுத்து பிசகினாலும் கட்டியது கணக்கில் வராது.

பலமாடி நிறுத்துமிடத்தில் நுழையும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

உயரத்தை. மேலே பெட்டி கட்டிய கார் பல இடங்களில் 2 மீட்டர் தடுப்புக் கம்பியில் முட்டும். ஜப்பானின் பழைய இயந்திரக் கோபுரங்களில் 1.55 மீட்டர்தான் வழக்கமான உயர வரம்பு. பல பெரிய கார்கள் அங்கே நுழையாது. நிறுத்தியதும் தூணில் உள்ள மாடி எண்ணையும் எழுத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வெளியேறிய மாடிப்படி வாசலையும் எடுங்கள். ஒரே கட்டடத்துக்கு நான்கு தெருக்களில் நான்கு வாசல்கள் இருக்கும்; இருட்டிய பிறகு எல்லாம் ஒன்றுபோலவே தெரியும்.

மாற்றுத்திறனாளி இடத்துக்குப் பக்கத்தில் கோடு போட்ட காலி இடம் இருக்கிறது. அங்கே ஒரு நிமிடம் நிறுத்தலாமா?

தயவுசெய்து கூடாது. அது காலி இடம் அல்ல. அமெரிக்க விதிப்படி அதன் அகலம் குறைந்தது 5 அடி. சக்கர நாற்காலியை இறக்கி, அதில் மாறி உட்கார்ந்து, திரும்பிப் போக அந்த அகலம் வேண்டும். வேனிலிருந்து சாய்தளம் விரிவதும் அங்கேதான். ஒருமுறை ஒரு மருத்துவமனை வாசலில் பார்த்தேன். சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெண்மணி சிகிச்சை முடிந்து வெளியே வந்தபோது, அவருடைய வண்டிக் கதவுக்கும் கோடுகளின் மேல் நின்ற இன்னொரு காருக்கும் இடையே ஒரு முழம்தான் இருந்தது. அந்தக் காரின் சொந்தக்காரர் வர நாற்பது நிமிடம் ஆனது. அதுவரை அவர் வெயிலில் உட்கார்ந்திருந்தார்.

உங்களிடமே மாற்றுத்திறனாளி அனுமதி அட்டை இருந்தால் கூடவே எடுத்துச் செல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் ஒன்று கொடுத்த நீல அட்டையை மற்றொன்று ஏற்றுக்கொள்கின்றன. வேறு இடங்களில் ஏற்பார்களா என்று அந்த நகராட்சியிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

மின்சாரக் காருக்கான இடத்தில்?

சார்ஜ் ஏறும்வரை மட்டும். ஏறி முடிந்த பிறகும் நின்றால் பல நிறுவனங்கள் நிமிடக் கணக்கில் தனிக்கட்டணம் போடுகின்றன.

நிறுத்தும் கட்டணம் தவிர நகருக்குள் நுழையவே காசு உண்டா?

உண்டு. லண்டன் 2003 பிப்ரவரி 17 முதல் மையப்பகுதியில் நெரிசல் கட்டணம் வாங்குகிறது. சுங்கச்சாவடி எதுவும் இருக்காது. கேமரா எண்ணைப் படிக்கும், கட்டுவது உங்கள் பொறுப்பு. இத்தாலிய நகரங்களின் பழைய பகுதிகளில் அனுமதி இல்லாத கார் நுழைந்தாலே அபராதம். ஜி.பி.எஸ். காட்டிய வழியில் போனேன் என்பது அங்கே எடுபடாது. ஜெர்மனியின் பல நகர மையங்களுக்குப் முன்கண்ணாடியில் ஒட்டும் பச்சை மாசுக் கட்டுப்பாட்டு வில்லை வேண்டும். பாரிஸில் 2024 அக்டோபர் முதல் எடை கூடிய கார்களில் வரும் வெளியூர்க்காரர்கள் தெருவோர நிறுத்தத்துக்கு மூன்று மடங்கு கட்டுகிறார்கள். பெட்ரோல், டீசல், ஹைப்ரிட் வண்டிக்கு 1.6 டன், மின்சார வண்டிக்கு 2 டன் என்பது எல்லை. வாடகைக் கார் தேர்வு செய்யும்போது சிறியதாக எடுக்க இதுவும் ஒரு காரணம்.

வாடகைக் காருக்கு அபராதம் வந்தால் யார் கட்டுவது?

ஓட்டியவர்தான். சீட்டு முதலில் நிறுவனத்துக்குப் போகும். அவர்கள் உங்கள் முகவரியை அதிகாரிகளுக்குக் கொடுத்துவிட்டு, அந்த வேலைக்கென்று உங்கள் அட்டையிலிருந்து ஒரு தொகை எடுப்பார்கள். அபராதம் அதற்குப் பிறகு தனியாக, சில மாதம் கழித்துக்கூட வரும். பார்க்கிங் ரசீதுகளைப் படமெடுத்து ஓராண்டாவது வைத்திருங்கள்.

ஏற்றமான தெருவில் எப்படி நிறுத்துவது?

ஹேண்ட் பிரேக் மட்டும் போதாது. சான்பிரான்சிஸ்கோவில் சரிவு 3 சதவீதத்தைத் தாண்டினால் முன்சக்கரங்களைத் திருப்பி வைப்பது சட்டம். இறக்கத்தைப் பார்த்து நின்றால் நடைபாதை விளிம்பை நோக்கித் திருப்புங்கள். ஏற்றத்தைப் பார்த்து நின்றால் சாலைப் பக்கம் திருப்புங்கள். வண்டி பின்னால் உருண்டால் சக்கரம் விளிம்பில் முட்டி நின்றுவிடும். விளிம்புக்கல்லே இல்லாத ஏற்றத்தில் சாலையோரத்தை நோக்கித் திருப்ப வேண்டும்.

திரும்பி வந்து பார்த்தால் வண்டி இல்லை. முதலில் என்ன செய்வது?

தவறான தெருவில் நிற்கிறீர்களா என்று படத்தை எடுத்துப் பாருங்கள். பிறகு பலகையை மறுபடி படியுங்கள். தடை நேரம் என்றால் இழுத்துப் போயிருப்பார்கள். நகராட்சியின் உதவி எண்ணிலோ இணையதளத்திலோ வண்டி எண்ணைக் கொடுத்தால் எந்தக் கிடங்கில் இருக்கிறது என்று சொல்வார்கள். அங்கே இல்லை என்றான பிறகுதான் திருட்டுப் புகார். கிடங்குக்கு அன்றே போய்விடுங்கள், ஏனென்றால் அங்கே நாள் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு அல்லது வாடகை ஒப்பந்தம் இரண்டும் கையில் வேண்டும். ஒப்பந்தத்தைக் காருக்குள்ளேயே வைத்துவிட்டால் கிடங்கில் வாக்குவாதம் செய்ய நேரும். அதனால் அதன் படம் கைபேசியில் இருக்கட்டும்.

கண்ணாடியில் ஒரு சீட்டு இருக்கிறது. கட்டிவிடலாமா, வழக்காடலாமா?

கொடுத்தது யார் என்று பாருங்கள். இங்கிலாந்தில் நகராட்சி தரும் அபராதச் சீட்டும், தனியார் நிலத்தில் நிறுவனம் தரும் கட்டணச் சீட்டும் 'பி.சி.என்.' என்ற ஒரே சுருக்கப் பெயரில் வருகின்றன. முதலாவது சட்டம் விதித்த அபராதம். இரண்டாவது ஒப்பந்தத்தை மீறினீர்கள் என்று ஒரு நிறுவனம் கேட்கும் தொகை. முறையிடும் இடமும் வேறு வேறு.

தவறு உங்களுடையது என்றால் சீக்கிரம் கட்டுங்கள். இங்கிலாந்தில் நகராட்சிச் சீட்டை 14 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகைதான்; வேறு பல நகரங்களிலும் இதுபோன்ற தள்ளுபடி உண்டு. தவறு உங்களுடையது இல்லை என்றால், காரை நகர்த்துவதற்கு முன்பே படமெடுங்கள்: சக்கரம் கோட்டுக்குள் இருப்பது, கண்ணாடியில் ரசீது, பலகை, அதை மறைக்கும் கிளை, இரு கம்பங்களுக்கும் இடையே உங்கள் வண்டி நிற்கும் இடம். அன்று இரவே முறையீட்டை எழுதி, கோபத்தை விட்டுவிட்டு நேரங்களை மட்டும் வரிசையாகக் குறிப்பிடுங்கள். படிப்பவர் அன்றைக்கு நூறு கடிதம் படித்திருப்பார்; 6.15-க்கு வந்தேன், 7 வரை கட்டினேன், ரசீது இணைத்துள்ளேன் என்ற மூன்று வரி அவருக்குப் போதும்.